வீட்டுக்குப் பின்னால் விரிகிற மாரி

சம்மாந்துறையிலும் அயலூர்களிலும் கெமரா தூக்கித் திரிகிற தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

 

மாரி தொடங்கினால் உங்களில் பலர் வான் பிடித்து நுவரெலியாவுக்குப் போகிறீர்கள், மூடுபனியைப் படம் பிடிக்க. இன்னும் சிலர் பறவைகளைத் தேடிக் குமணைக்கும் யாலைக்கும் போகிறீர்கள். அந்தப் படங்களை நான் விரும்பிப் பார்க்கிறேன். உங்கள் கைப்பழக்கத்திலும் கண்ணிலும் எனக்கு நம்பிக்கை உண்டு. கல்யாண வீட்டில் மணமகளின் முகத்தில் விழும் வெளிச்சத்தை ஒரு நொடியில் கணிக்கத் தெரிந்த பிள்ளைகள் நீங்கள். அந்தத் திறமையை வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் விரிந்து கிடக்கும் வயல் வட்டையை ஏன் ஒருவரும் எடுப்பதில்லை என்பதே என் ஆதங்கம். இந்த மடலை எழுதுவதும் அதற்காகத்தான். இந்த மாரியில் ஆளுக்கொரு இடத்தை, நடந்தோ சைக்கிளிலோ போகக்கூடிய தூரத்தில் தேர்ந்தெடுங்கள். விதைப்புத் தொடங்கி அறுவடை முடியும்வரை அந்த ஒரே இடத்துக்குப் போய்ப் படம் எடுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உறைபனி விழும் நாடுகளின் குளிர்காலப் படங்களைப் பார்த்து ஏங்குகிறவர்கள் ஒரு விடயத்தை யோசிக்க வேண்டும். அந்தக் குளிரைத் தாங்க முடியாமல் சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் கிளம்பும் பறவைகள் வந்து சேரும் கடைசித் தரை நம்முடைய தீவு. இதற்குத் தெற்கே அந்தாட்டிக்கா வரை கடல்தான். செப்டெம்பரில் வரத் தொடங்கி ஏப்ரல் வரை அவை இங்கே தங்கும். வடக்கத்தி நாடுகளின் குளிர்காலம் அப்படியே சிறகு முளைத்து நம் வட்டையில் வந்து இறங்குகிறது. பெரும்போகத்துக்கு உழுது தண்ணீர் கட்டிய வயலைவிட அவற்றுக்குப் பொருத்தமான இடம் வேறில்லை. கணுக்கால் அளவுத் தண்ணீர், சேற்றில் புழு, நத்தை, தவளைக்குஞ்சு, பூச்சி எல்லாம் அங்கே உண்டு. பட்டிப்பளை ஆற்றை மறித்து 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும், அதில் உருவான சேனாநாயக்க சமுத்திரமும் இந்தக் கரையோர வெளிகளுக்குத் தண்ணீரை உறுதிப்படுத்தின. அந்தத் தண்ணீரில் நெல் விளைகிறது என்பது நமக்குத் தெரியும். எத்தனை உயிர்கள் அதே தண்ணீரில் வாழ்கின்றன என்பதைக் காட்ட நம் ஊரில் இன்னும் ஒரு படத்தொகுப்பு இல்லை.

ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குமணைக்கு ஒரு நாள் போனால், அன்றைக்கு நிற்கிற பறவையை அன்றைக்கிருக்கிற கோலத்தில் எடுத்துவருவீர்கள். பக்கத்தில் இருக்கும் வட்டைக்கு மாரி முழுவதும் போனால் அந்தப் பறவை மாறுவதையே பார்ப்பீர்கள். வெளிநாட்டிலிருந்து வரும் சின்னத் தாரா ஒன்று உண்டு, பறவை நூல்களில் நீலச்சிறகி என்பார்கள். நவம்பரில் அதன் ஆணையும் பெண்ணையும் பிரித்தறிவது கஷ்டம், இரண்டும் ஒரே மண்ணிறம். பெப்ரவரியில் பாருங்கள், ஆணின் கண்ணுக்கு மேலே பிறை கீறியதுபோல வெள்ளைப் புருவம் ஏறியிருக்கும். நீண்ட நேரான அலகோடு சேற்றைத் துழாவும் கருவால் மூக்கான் சாம்பல் நிறத்தில் வந்து, திரும்பிப் போகும் தறுவாயில் செங்கல் நிறமாகும். தண்ணீருக்கு மேலே தாழப் பறந்து திரியும் ஆலாவுக்கு மாரியில் வயிறு வெள்ளை, பங்குனி பிறந்தால் அது கறுக்கத் தொடங்கும். நம்மோடு எப்போதும் இருக்கிற குருட்டுக் கொக்கு, யாரும் ஏறெடுத்தும் பார்க்காத அந்தக் கொக்கு, இனப்பெருக்க காலத்தில் முதுகில் கருஞ்சிவப்பு ஏறி வேறொரு பறவை போலவே ஆகிவிடும். தாமரைக்கோழிக்கு நீண்ட வால் முளைக்கும். இவற்றை ஒரு நாள் பயணத்தில் யாராலும் எடுக்க முடியாது. அங்கேயே குடியிருப்பவருக்கு மட்டுமே கிடைக்கிற படங்கள் இவை. எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸ் வைத்திருக்கும் கொழும்புக்காரருக்கும் இது வாய்க்காது.

வட்டையும் அப்படித்தான். ஐப்பசியில் உழவு மெசின் இறங்கும்போது பின்னாலேயே நூற்றுக்கணக்கில் கொக்குகள் நடந்து வரும். கார்த்திகையில் வானமும் வயலும் ஒரே சாம்பல் நிறமாகி வரம்பு மட்டும் கோடாகத் தெரியும். மார்கழியில் பச்சை. தையில் குடலை விட்டுக் கதிர் தள்ளும், அந்த மாதத்தில்தான் விடியற்காலையில் வெள்ளைப் பனி தரையோடு படுத்திருக்கும். மாசியில் வேளாண்மை வெட்டு, தூசு, வைக்கோல், அதன் மேல் செம்பருந்து. ஒரே வாடியை, ஒரே மருத மரத்தை இந்த ஐந்து மாதமும் ஒரே கோணத்தில் நின்று எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள். நுவரெலியாப் படங்களையெல்லாம் ஒரு பக்கம் வைக்கலாம்.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது நீங்கள் தொழிலாகவே அறிந்த விடயம், ஆனால் மண்டபத்து வெளிச்சமும் வட்டை வெளிச்சமும் வேறு. நாம் பூமத்திய ரேகைக்கு ஏழு பாகை வடக்கே இருக்கிறோம். சூரியன் இங்கே சரிந்து எழுவதில்லை, நெட்டுக்குத்தாக ஏறிவிடும். ஐரோப்பாவில் குளிர்காலத்தில் பகல் முழுதும் கிடைக்கும் அந்தத் தாழ்ந்த பொன் வெளிச்சம் நமக்கு அரை மணித்தியாலத்துக்குச் சற்று அதிகமாகக் கிடைத்தால் பெரிய காரியம். தை மாதத்தில் சூரியன் எழ ஆறே காலைத் தாண்டிவிடும். சுபஹ் தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து நேரே போனால் நேரம் சரியாக இருக்கும். விடியுமுன் எழும்புவது மற்ற ஊர்ப் படப்பிடிப்பாளர்களுக்குப் பெரும் பாடு, நமக்கு அது நாளாந்த வழக்கம். இன்னொன்றையும் கவனியுங்கள். மார்கழியில் சூரியன் நிந்தவூர்ப் பக்கமாகச் சாய்ந்து எழும், பங்குனியில் நேர் கிழக்குக்கு வந்துவிடும். எந்த மரத்துக்குப் பின்னால் எந்த மாதம் அது எழும் என்று தெரிந்து வைத்திருப்பது ஊர்க்காரருக்கு மட்டுமே உள்ள வாய்ப்பு.

மழை மூட்டமாக இருக்கிறது என்று கெமராவை உள்ளே வைத்துவிடாதீர்கள். மாரி மேகம் நாள் முழுவதும் மெல்லிய வெளிச்சம் தரும். நிழல் கறுக்காது, நிறம் வெளிறாது. நண்பகலிலும் படம் எடுக்கலாம், கோடையில் அது முடியாது. ஆனால் கெமராவின் கணிப்பை முழுதாக நம்பாதீர்கள். கரும்பச்சை வயலில் வெள்ளைக் கொக்கு நின்றால், கெமரா பச்சையைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், கொக்கு சுண்ணாம்புக் கட்டியாகி இறகின் வரிகள் போய்விடும். ஒரு ஸ்டொப் குறைத்து எடுங்கள். பனிமூட்டத்தில் நேர்மாறு. வெள்ளைப் பனியை அது சாம்பலாக்கிவிடும், கொஞ்சம் கூட்ட வேண்டும். மழைத்தாரை கோடாகத் தெரிய வேண்டுமானால் ஷட்டரை அறுபதில் ஒரு பங்குக்கு இறக்குங்கள். துளிதுளியாக நிற்க வேண்டுமானால் ஆயிரத்தில் ஒரு பங்கு. போனில் எடுப்பவர்கள் திரையில் கொக்கைத் தொட்டு, விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறைத்தால் போதும்.

போன் என்றதும் சொல்லிவிடுகிறேன். 2022 நெருக்கடிக்குப் பிறகு கெமராவும் லென்ஸும் எட்டாத விலைக்குப் போய்விட்டன என்று உங்களில் பலர் வருந்துவது தெரியும். கையில் இருப்பதை வைத்தே தொடங்கலாம். தமிழ் உலகத்தில் காட்டுயிர்ப் படக்கலைக்கு வழிகாட்டியவர்களில் முதன்மையானவர் மா. கிருஷ்ணன். 1912இல் பிறந்தவர், நாவலாசிரியர் மாதவையாவின் மகன். பல கெமராக்களின் பாகங்களைத் தானே பொருத்தி ஒரு கருவி செய்து அதற்கு ‘சூப்பர் பொண்டரோசா’ என்று பெயர் வைத்திருந்தார். கறுப்பு வெள்ளையில் யானைகளை அவர் எடுத்த படங்கள் இன்றும் பேசப்படுகின்றன. ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 தொடங்கி 1996இல் மறையும்வரை இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதினார். அந்தப் பத்திகளில் புலியும் யானையும் எவ்வளவோ, அவ்வளவுக்குக் காகமும் அணிலும் கீரியும் உண்டு. வீட்டு வளவில் பார்த்தவற்றையே அவர் அந்த அக்கறையோடு எழுதினார். நம் நாட்டில் நிஹால் பெர்னாண்டோ இருந்தார், 2015இல் காலமானார். இலங்கையின் காடுகளையும் குளங்களையும் அவர் அளவுக்கு அன்போடு படமெடுத்தவர் குறைவு. பிரான்ஸில் வின்சென்ட் முனியே என்றொருவர் இருக்கிறார். உறைபனிப் பாலைகளில் ஓநாயையும் திபெத்தில் பனிச்சிறுத்தையையும் படமெடுத்து உலகப் புகழ் பெற்றவர். அவர் சிறுவனாகக் கெமராவைக் கையில் எடுத்தது தன் வீட்டுக்குப் பக்கத்து வோஜ் மலைக்காட்டில், தகப்பனோடு மான் பார்க்கப் போய். இவர்கள் யாரும் தூரத்தைத் தேடித் தொடங்கவில்லை.

தங்கச்சிமாரே, விடியற்காலையில் தனியாக வட்டைக்குப் போவது உங்களுக்கு இலகுவில்லை என்பது எனக்குத் தெரியும். வாப்பாவையோ காக்காவையோ கூட்டிக்கொண்டு போக முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் வளவு இருக்கிறது. மொட்டை மாடி இருக்கிறது. மழைக்காலத்தில் கொய்யா மரத்தில் தேன்சிட்டு, கிணற்றடியில் குண்டுகரிச்சான், வேலிக்குள் செண்பகம், மதிலில் மழையில் நனைந்த உடும்பு. மாலை மங்கும் நேரத்தில் எங்கோ ஒரு மரத்தடியிலிருந்து ஆறுமணிக் குருவி கூப்பிடும். இமயமலை அடிவாரத்துக் காடுகளிலிருந்து வரும் அந்தப் பறவை நம் வளவுகளில் குப்பையைக் கிளறிப் புழு தின்னுகிறது. பச்சை, நீலம், மஞ்சள், அடியில் சிவப்பு என்று அத்தனை நிறத்தோடு. சத்தத்தைக் கேட்டவர் பலர், கண்டவர் சிலர். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பொறுமையாக இருக்கத் தெரிந்த ஒரு பிள்ளையால் அதை எடுக்க முடியும்.

உயிருள்ளவற்றைப் படம் பிடிப்பதில் மார்க்க ரீதியான தயக்கம் உள்ள சகோதரர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை நான் மதிக்கிறேன். அவர்களுக்கு நிலமும் நீரும் வானமும் இருக்கின்றன. மாரியில் எடுக்க வேண்டிய பாதிக்கு மேல் அவைதான். ஆளும் பறவையும் இல்லாத ஒரு வயல்வெளிப் படத்தில் அமைதி நிற்க வேண்டுமானால் கட்டத்துக்குள் எதை விடுவது என்பதை மிக நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். பறவைப் படத்தைவிட அது கஷ்டம் என்பேன்.

இனி என் மனதை அதிகம் வருத்துகிற விடயம்.

ஒலுவில் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டை உங்களுக்குத் தெரியும். சம்மாந்துறை, கல்முனை, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு என்று நம் ஊர்களின் குப்பையெல்லாம் போய்க் கொட்டுப்பட்ட இடம். பக்கத்துக் காட்டு யானைகள் அங்கே வந்து பொலித்தீன் பைகளோடு சேர்த்துச் சோறும் மரக்கறியும் தின்னப் பழகின. நாம் அதைக் கண்டோம், பேசினோம், கடந்து போனோம். 2020இல் அந்த யானைகளின் படங்கள் உலகம் முழுவதும் போயின. எடுத்தவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்மபாலன் திலக்‌ஷன். அந்தப் படங்களுக்குப் பிறகு வெளிநாட்டுப் பத்திரிகைகள் பள்ளக்காட்டின் பெயரை எழுதின. 2022 ஜனவரியில் அங்கே மேலும் இரண்டு யானைகள் செத்துக் கிடந்தன. முந்திய எட்டு வருடங்களில் அந்த இடத்துப் பிளாஸ்டிக்கைத் தின்று செத்த யானைகள் இருபது அளவில் இருக்கும் என்று செய்திகள் வந்தன. திலக்‌ஷனுக்கு நாம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் வந்துதான் நம் குப்பையை நமக்குக் காட்ட வேண்டியிருந்தது. அத்தனை ஊரிலும் அத்தனை ஸ்டூடியோ, அத்தனை கெமரா. அந்த மேட்டுக்கு மோட்டார் சைக்கிளில் போகிற தூரத்தில் இருந்த நாம் எடுத்திருந்தால், இன்னும் சில வருடம் முந்தியே எடுத்திருப்போம்.

பக்கத்தில் இருப்பவர் எடுக்கிற படத்துக்கு அந்தப் பயன் உண்டு. கண்டதற்கு அது சாட்சி. ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. அதற்கு வடக்கே கரை அரிபட்டு நிந்தவூர்ப் பக்கம் தென்னைகள் கடலுக்குள் விழுந்தன. முன்னம் கரை எங்கே இருந்தது என்று கேட்டால் மீனவர் கையை நீட்டிக் காட்டுவார், கடலுக்குள். ஒரே இடத்தில் நின்று மாரிக்கு மாரி எடுத்த படங்கள் இருந்திருந்தால் அந்தக் கையை யாரும் மறுத்துப் பேச முடியாது. நாளைக்கு நம் வட்டைகளில் எது மண் நிரப்பப்படும், எந்த வாய்க்கால் மூடப்படும், எந்த ஓடை வீடாகும் என்று நமக்குத் தெரியாது. காரைதீவிலிருந்து சம்மாந்துறைக்கு வரும் வீதியின் இரு புறமும் இன்றைக்குத் தாமரைக்கோழி நடக்கிறது. அது இன்றைக்கு நடக்கிறது என்பதற்கு ஒரு திகதியிட்ட படம் இருக்கட்டும்.

அறுவடை முடிந்த வயலுக்கு யானைகள் வரும் காலம் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மாசி, பங்குனியில் வெட்டிய வேளாண்மையின் தாளையும் சிந்திய நெல்லையும் தேடிக் கூட்டம் கூட்டமாக இறங்குகின்றன. செய்தி பரவினால் ஊரே திரண்டு போகிறது, மோட்டார் சைக்கிளில் குடும்பத்தோடு. ஹோர்ன் அடிக்கிறார்கள், கூக்காட்டுகிறார்கள், செல்ஃபிக்காகக் கிட்டப் போகிறார்கள். சிலர் ட்ரோனை ஏற்றுகிறார்கள். தம்பிமாரே, ஆபிரிக்காவில், கென்யாவிலும் தன்சானியாவிலும், பயிர்க்காணியிலிருந்து யானையை விரட்டவே ட்ரோனைப் பயன்படுத்துகிறார்கள். அந்த இரைச்சல் தேனீக்கூட்டம்போல அவற்றுக்குக் கேட்கிறது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நீங்கள் அழகான காட்சி என்று மேலேயிருந்து எடுக்கும் ஓட்டம், குட்டியோடு வந்த தாயின் பயம். அப்படிக் கலைத்த கூட்டம் அன்றிரவு எந்த வாடியை நோக்கிப் போகும், அங்கே எந்த முல்லைக்காரன் படுத்திருப்பான் என்று யோசியுங்கள். 2023 ஒரு வருடத்தில் மட்டும் இந்த நாட்டில் நானூறுக்கு மேற்பட்ட யானைகளும் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மனிதர்களும் செத்திருக்கிறார்கள். யானையைத் தூரத்தில், வெளியின் பரப்போடு, மாலை வெளிச்சத்தோடு எடுங்கள். சின்னதாகத் தெரிகிறதே என்று வருந்தாதீர்கள். வெளி எவ்வளவு பெரியது என்று காட்ட ஒரு யானை சின்னதாகத்தான் இருக்க வேண்டும்.

கூடுகளுக்குக் கிட்டப் போகாதீர்கள். ஆள்காட்டி வெறும் தரையில் முட்டையிடும், தாமரைக்கோழி மிதக்கும் தழை மேல். தாமரைக்கோழியில் அடைகாப்பது ஆண். நீங்கள் கிட்டப் போனால் அது எழும்பும், மேலே காகம் பார்த்துக்கொண்டிருக்கும், ஐந்து நிமிடத்தில் முட்டை போய்விடும். குஞ்சுகளைக் கையில் எடுத்துக்கொண்டு வந்த தோழர்களிடம், தவிக்கிற தாய்ப்பறவையிடம் அவற்றைத் திருப்பிக் கொடுக்கும்படி நபிகளார் சொன்ன சம்பவத்தை மதரசாவில் படித்தவர்கள் நீங்கள். அதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது? படத்தைப் பகிரும்போது சரியான இடத்தையும் போடாதீர்கள். கண்ணி வைப்பவர்களும் ஃபேஸ்புக் பார்க்கிறார்கள். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது, ஆனால் வட்டையின் நடுவில் விடியற்காலையில் சட்டம் நிற்பதில்லை, நீங்கள்தான் நிற்கிறீர்கள்.

பறவைக்கு எப்படிக் கிட்டப் போவது என்று பலர் கேட்கிறார்கள். வயலில் மண்வெட்டியோடு நிற்கும் ஆளைக் கண்டு கொக்கு பறப்பதில்லை. உழவு மெசினைக் கண்டும் பறப்பதில்லை. நேராகத் தன்னை நோக்கி நடந்து வருகிறவனைக் கண்டால் பறக்கும். ஆகவே நேரே போகாதீர்கள். வேறெங்கோ போகிறவர்போல வரம்பில் சாய்வாக நடந்து, இடையில் குந்தி இருங்கள். கால் மணித்தியாலம் அசையாமல் இருந்தால் அதுவே உங்களை நோக்கி இரை தேடி வரும். பறவையின் கண் மட்டத்துக்கு கெமரா இறங்கட்டும், மேலேயிருந்து எடுத்த கொக்குப் படத்தில் உயிர் இருக்காது. நத்தைகுத்தி நாரை கிடைத்தால் அதன் அலகைப் பக்கவாட்டில் பாருங்கள், இரண்டு அலகுக்கும் நடுவே இடைவெளி இருக்கும். எழுகிற வெளிச்சம் அதனூடாக வரும்படி நின்று எடுத்த படம் ஒன்றை நம் ஊரிலிருந்து நான் இன்னும் பார்க்கவில்லை. யார் முதலில் காட்டப் போகிறீர்கள்?

வயல்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். புதிதாகச் சேறு பூசிய வரம்பை மிதித்தால் அவருடைய அரை நாள் உழைப்பு போய்விடும். வக்கடையைக் கலைத்தால் அடுத்த காணிக்காரரோடு சண்டை வரும். மருந்தடித்த அன்றைக்குப் போகவே வேண்டாம். முழங்கால் வரை பூட்ஸ் போடுங்கள். வெட்டுக் காலத்தில் கண்ணாடிப் புடையன் வைக்கோலுக்குள் கிடக்கும், சேற்றில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். வட்டவிதானையிடமும் முல்லைக்காரரிடமும் பேசுங்கள். எந்தப் பள்ளத்தில் நீர்நாய் வருகிறது, எந்த மரத்தில் ஆந்தை இருக்கிறது, முதலை எங்கே வெயில் காய்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். எந்த வழிகாட்டி நூலும் அவர்கள் அளவுக்குச் சொல்லாது. எடுத்த படத்தில் ஒன்றைப் பிரிண்ட் போட்டு அவர் கையில் கொடுங்கள், அடுத்த முறை அவரே தொலைபேசி எடுப்பார்.

கருவிகளைப் பற்றி ஒரு சொல். நம் கரையோர ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிப்பது வெகு சீக்கிரம். தோல் உறையில் வைக்காதீர்கள், காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதிகளோடு வையுங்கள். ஏசி அறையிலிருந்து நேரே வயலுக்குக் கொண்டுபோனால் கண்ணாடி வியர்த்துவிடும், பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் விட்டு வெளிச் சூட்டுக்குப் பழக விடுங்கள்.

வெள்ளம் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. கிட்டங்கித் தாம்போதியும் மாவடிப்பள்ளி வீதியும் மாரிக்கு மாரி தண்ணீருக்குள் போகும் இடங்கள். 2024 நவம்பர் 26ஆம் திகதி, நிந்தவூரில் மதரசாவிலிருந்து சம்மாந்துறைக்கு வீடு திரும்பிய பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு மெசின் மாவடிப்பள்ளியில் வெள்ளத்தில் அடிபட்டுப் போனதை இந்த ஊர் எந்தக் காலத்திலும் மறக்காது. அல்லாஹ் அந்தப் பிள்ளைகளைப் பொருந்திக்கொள்வானாக. தண்ணீர் வீதியைக் கடக்கத் தொடங்கினால் கெமராவோடு அங்கே நிற்காதீர்கள். உங்களைக் காப்பாற்ற இன்னொருவர் இறங்க வேண்டி வரும். ஒருவர் துயரத்தில் நிற்கும்போது அவரின் முகத்துக்கு நேரே லென்ஸைத் திருப்பாதீர்கள். வெள்ளம் வடிந்த பிறகு போங்கள். வரம்பில் ஒட்டிக்கிடக்கும் சருகும், மரத்தில் தண்ணீர் நின்ற மட்டத்தின் கோடும், சேற்றில் பதிந்த பறவைக் காலடியும் போதும். ஒரு மனிதமுகமும் இல்லாமல் அந்த வெள்ளத்தின் கதையை அவை சொல்லும்.

எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் வருடந்தோறும் ஜனவரியில் நடக்கிறது. இலங்கையில் பறவை ஆர்வலர்களை ஒன்றுசேர்க்கும் களப் பறவையியல் குழு 1976இலேயே தொடங்கப்பட்டது. அவர்களோடு தொடர்பு கொள்ளுங்கள். நம் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞானப் பீடம் இதே சம்மாந்துறையில்தான் இருக்கிறது, அங்கே உயிரியல் படிக்கும் பிள்ளைகளோடு சேர்ந்து கொள்ளுங்கள். அவர்களுக்குப் பறவையின் பெயர் தெரியும், உங்களுக்குப் படம் எடுக்கத் தெரியும். இரண்டு கூட்டமும் சேர்ந்து ஜனவரியில் ஒரு காலைப்பொழுது நம் வட்டைகளில் நின்று எண்ணினால், எண்ணிக்கைக்கும் படம் இருக்கும், படத்துக்கும் எண்ணிக்கை இருக்கும்.

பங்குனி கடைசியில் பறவைகள் போகத் தொடங்கிவிடும். அதற்குள் ஆளுக்கு இருபது படம் தேர்ந்தெடுத்துத் தபாலட்டை அளவில் பிரிண்ட் போட்டு வையுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருந்தால் அது பழுதாகும், போன் தொலையும், கணக்கு முடங்கும். பிரிண்டின் பின்பக்கம் திகதி, நேரம், வட்டையின் பெயர், தெரிந்தால் பறவையின் பெயர் எழுதுங்கள், பென்சிலால், மை கசியாமலிருக்க. கூடு இருந்த இடத்தை மட்டும் எழுத வேண்டாம். ஊர் நூலகத்தில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு எல்லாவற்றையும் மாத வரிசையில் பரப்பி வைப்போம், வட்டவிதானைமாரையும் முல்லைக்காரர்களையும் முதலில் கூப்பிட்டுக் காட்டுவோம். பெயர் தெரியாத பறவைகளுக்கு அவர்கள் சொல்லும் பெயரை அங்கேயே எழுதிக்கொள்வோம். மண்டபத்துக்கும் மேசைக்கும் நான் பொறுப்பு. யார் எந்த வட்டையை எடுக்கிறீர்கள் என்பதை விதைப்பு முடியுமுன் உங்களுக்குள் பேசி முடிவு செய்யுங்கள். கரைவாகு வட்டைப் பக்கத்துக்கு ஒருவராவது வேண்டும், அதை யாரும் எடுக்காமல் விட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்க் காக்கா ஒருவர்
சம்மாந்துறை